நூற்றிருபது காலன் தண்ணீருக்கு விளக்கம்

ஐயா,
தங்கள் மெமோ கிடைத்தது.
உச்சிப்புளி தாண்டி மண்டபம் சேருமுன்
நூற்றிருபது காலன் தண்ணீர் எங்கே போனது
என்று கேட்டிருக்கிறீர்கள்.
ஏழு நாள் தவணை. இன்று ஆறாம் நாள்.
காகிதத்தில் கரி அப்பியிருப்பதற்கு மன்னிக்கவும்,
கை இதுதான்.

எங்கள் எஞ்சினைத் தாங்கள் நேரில் பார்த்திருக்கமாட்டீர்கள்.
மெயில் வண்டி எஞ்சின் போலப்
பின்னால் டெண்டர் இழுத்து வராது.
தண்ணீரைத் தன் விலாவில் இருபுறமும் கட்டிக்கொண்டு,
கரியை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும்.
திருப்பிவிட வட்டமேடை கேட்காது,
போனபடியே பின்னால் திரும்பி வரும்.
எந்தப் பக்கம் முகம் என்பதில்
டிரைவர் சீனிமுகமதுவுக்கே சில நாள் சந்தேகம்.

போகையில் சீமெண்ணெய், அரிசி, காலி வேகன்.
வருகையில் உப்பு, கருவாடு,
ஓலைக்கொட்டானில் கருப்பட்டி.
மணிக்குப் பத்து மைல்.
ஆடு குறுக்கே வந்தால் அதுவும் இல்லை.

மண்டபத்துக் கிணற்றுத் தண்ணீரை விட்டால்
கொதிகலன் சோப்புப் போட்டதுபோல் நுரைக்கும்,
சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறி
இரும்பு இருமும்.
மாதம் ஒருமுறை உள்ளே கைவிட்டுச் சுரண்டுகிறவன் நான்.
குழாய்மேல் விரல் கனத்துக்கு வெள்ளை ஓடு.
உப்பாக்கும் என்று நாக்கில் வைத்தேன்,
சுண்ணாம்பு.
ஆகையால் ராமநாதபுரத்திலேயே
நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்ப உத்தரவு.
உப்பு ஏற்றப் போகிற எஞ்சினுக்குள்
உப்பில்லாத தண்ணீர்.

சம்பவம்:
உப்பளத்து சைடிங். பகல் இரண்டேகால்.
பதினோரு வேகன் கோர்க்க முக்கால் மணி ஆகும்.
நான் சாம்பல் தட்டிக்கொண்டிருந்தேன்.
கால் முழுக்க உப்பு வெடிப்போடு
ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் பூமயில்,
பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.
அவள் தண்ணீர் கேட்கவில்லை, ஐயா.
இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.
"இன்னிக்கு மூணு முழம் முன்னால நிப்பாட்டிட்டீக.
கொஞ்சம் பின்னால வாங்க" என்றாள்.

எட்டிப் பார்த்தேன்.
தண்டவாளத்துக்கு வெளியே, சரளைக் கல்லில்
முட்டுக்கொடுத்து ஒரு பனையோலைப் பட்டை.
இடப்பக்கத் தொட்டியின் ஒழுகல்
வழக்கமாய் விழுகிற அதே இடத்தில்.
எத்தனை நாளாய் என்றேன்.
"தை முடிஞ்சதுலேர்ந்து."
அன்று ஆனி பதினாறு.

சீனிமுகமது ஒன்றும் பேசவில்லை.
விசில் கொடுத்தார், விதிப்படி.
பதினோரு வேகனோடு
மூன்று முழம் பின்னால் வந்தோம்.
பட்டைக்குள் சொட்டு விழுந்தது,
டக், என்று.
அந்தச் சத்தத்துக்குப் பிறகு
வடிகுழாயைத் திறந்தவன் நான்தான்.

உப்பளத்திலிருந்து குடங்கள் எப்படி அத்தனை வேகமாய் வந்தன,
தெரியாது.
யாரும் ஓடியதாக நினைவில்லை.
குடத்துக்கு மூன்றரை காலன், முப்பத்துநான்கு குடம்.
கணக்குப் போட்டால் நூற்றுப் பத்தொன்பது.
மீதி ஒரு காலன் சிந்தியது.

மண்டபம் அவுட்டருக்கு மூன்று ஃபர்லாங் முன்பு
தண்ணீர்க் கண்ணாடி வெறும் கண்ணாடி ஆனது.
ஈயத் தக்கை உருகுமுன்
நெருப்பை இழுத்துக் கீழே தள்ளினேன்.
கொதிகலனுக்குச் சேதமில்லை.
தாமதம் ஒரு மணி ஐம்பது நிமிடம்.
பின்னால் வந்த பாசஞ்சரில் ஒரு மாப்பிள்ளை வீட்டார்
என்னைப் பேசிய பேச்சை
இங்கே எழுதவில்லை.

அந்நேரம் டிரைவர் மறுபக்கம்
எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் என்று
எழுதத்தான் நினைத்தேன்.
"பொய் எழுதாதே, ராயப்பா, நான் பார்த்துக்கிட்டுதானே நின்னேன்"
என்கிறார்.
ஆகவே அதையும் எழுதிவிட்டேன்.
அபராதத்தை என் சம்பளத்தில் பிடிக்கவும்.

ஒரே ஒரு விண்ணப்பம்.
ரிப்பேர் புத்தகத்தில் என் கையெழுத்தில்
எட்டு முறை ஒரே வரி இருக்கிறது:
"இடப்பக்கத் தொட்டி, கீழ் ஆணி ஒழுகுகிறது."
எட்டு முறையும் யாரும் வரவில்லை.
இப்போது வந்துவிடுவார்களோ என்று பயமாயிருக்கிறது.
அந்த வரியை அடித்துவிட
அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
அ. ராயப்பன்,
இரண்டாம் நிலை ஃபயர்மேன்.