பன்னிரண்டாயிரம் பி.டி.யூ.

முதலாமவர் கழுத்துப்பட்டியோடு வந்தார்.
வாசலில் நின்றபடியே
"சேர் வீட்டில இல்லையா?" என்றார்.
இல்லை என்றேன்.
"அப்ப சேர் வந்த பிறகு கதைப்பம்."
இந்த வீட்டுக்குச் சேர் எவரும் வரப்போவதில்லை,
கடனட்டை என்னுடையது என்று சொன்னதும்
மினுங்கும் கொப்பி ஒன்றை விரித்து
பதினெட்டாயிரம் பி.டி.யூ. என்றார்.
அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாமவர் பிரசங்க.
தொலைபேசியிலேயே விலை சொன்னார்.
சித்திரை மாதத்து வெள்ளவத்தையில்
அவ்வளவு மலிவாக யாரும் சொல்லமாட்டார்கள்.
குழாய் செம்பா என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் பஸ் இரைச்சல்.
"செம்பு மாதிரித்தான், மிஸ்."

நான் இரவில் வேலை செய்கிறவள்.
டொரொன்டோவில் ஒரு பல்வைத்தியரின் வரவு செலவை
விடியும்வரை நேராக்கிவிட்டு
காலை எட்டுக்குப் படுப்பேன்.
ஒரு மணிக்கு மேற்குச் சுவர் தோசைக்கல்லாகும்.
தலையணையைத் திருப்பிப் போட்டால்
மறுபக்கமும் அதே சூடு.
நித்திரை இல்லாத கண்ணுக்கு
ஒன்றும் ஏழும் ஒன்றுபோலத்தான்.
போன மாதம் அந்த மனிதருக்கு
அறுநூறு டொலர் இல்லாத இலாபம் காட்டிவிட்டேன்.

மூன்றாமவர் மாளிகாவத்தை ஹில்மி பாஸ்.
சப்பாத்தைக் கழற்றினார்,
காலுறையில் பெருவிரல் தெரிந்தது.
உள்ளங்கையை மேற்குச் சுவரில் வைத்தார்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
"இதுல எத்தின மணிக்குப் படுக்கிறீங்க?"

அந்த ஒரு கேள்விக்கே
வேலை உங்களுக்குத்தான் என்று வாயெடுத்தேன்.
விலை கேட்கும்வரை பொறுத்தேன்.
கணக்காளி அல்லவா.

"பன்னிரண்டாயிரம் காணும்.
முதல்ல யன்னலுக்கு மேல இருக்கிற அந்த இடைவெளிய மூடுங்க.
வெளிப்பெட்டிய மூலைக்கு அங்கால வைப்பம்.
கடலுக்கு முகம் காட்டினா
ரெண்டு வருசத்தில உப்புத் தின்டு முடிச்சிரும்."
பால்மாப் பெட்டியின் அட்டையில் எழுதித் தந்தார்:
செம்புக் குழாய் பதினைந்து அடி,
தாங்கி, வடிகுழாய், கூலி.
அரைவாசி முற்பணம்.

செவ்வாய் வருவதாகச் சொன்னவர்
செவ்வாய் வரவில்லை.
புதன், தொலைபேசி அணைந்திருந்தது.
வியாழன் இரவு, பல்வைத்தியரின் பக்கங்களுக்கு நடுவே
என் அரைவாசியையும்
அறவிட முடியாக் கடன் என்று மனதில் பதிந்தேன்.

வெள்ளி வந்தார், வியர்த்து, ஒரு பொடியனோடு.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"பொரளையில வேற ஆள் மாட்டின பெட்டி
கழண்டு தொங்கினது, மிஸ்.
கீழ பள்ளிக்கூட வேன் நிக்கிற இடம்."

துளையிடும் இயந்திரம் அலறியது.
கீழ்வீட்டுத் திருமதி டி அல்விஸ் ஏறிவந்து
தன் உடுப்புக் கொடியில் ஒரு சொட்டும் விழக்கூடாதென்று
சிங்களத்தில் மூன்று தரம் சொல்லிப் போனார்.
பிறகு, வட்டமாக, சுவர் கழன்று விழுந்தது.

குழாய் வெட்ட அவர்கள் வெளியே போன இருபது நிமிடம்
குனிந்து நின்றேன் அந்த ஓட்டையில்.
ஏழு வருடமாக மேற்கில் யன்னல் இல்லாத அறை.
தண்டவாளம். ஒரு நாய்.
அப்பால், தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவு கடல்.
பால்மா அட்டையில் அது இல்லை.
கண்ணில் காற்றுப் பட்டது,
சூடான, உப்பான காற்று,
இதை வெளியே நிறுத்தத்தானே இவ்வளவு காசு.
குழாய் வந்தது. வெள்ளைச் சிமெந்தும்.

உத்தரவாதச் சீட்டுக் கேட்டேன்.
ஏசியின் மூடியைத் தூக்கி
உட்பக்கத்தில் மார்க்கரால் தன் இலக்கத்தை எழுதினார்.
"சீட்டெண்டா தொலையும். இது எங்கயும் போகாது."

இன்று எட்டுக்குப் படுத்தேன்.
ஒரு மணி வந்து போனதை உடம்பு அறியவில்லை.
நாலுக்கு எழும்பி, சும்மா, மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
கடைசி இலக்கம் ஈரத்தில் கரைந்திருந்தது.
நன்றாக நித்திரை கொண்ட கண்ணால்
கிட்டப் போய்ப் பார்த்தேன்:
ஒன்றோ, ஏழோ.