அட்டை

டயகம மேல் டிவிஷன் டிஸ்பென்சரியில்
பழைய அப்போத்திக்கரி விட்டுப்போன அலுமாரி.
காஸ் துணிக்கும் காலாவதியான இருமல் மருந்துக்கும் நடுவே
இந்தப் புத்தகம்.
தமிழில் பெயர்த்தவரின் பெயர்
முதல் பக்கத்தோடு போய்விட்டது.
அட்டை மட்டும் இருக்கிறது.

கத்தரிப்பூ வானம். மலையுச்சியில் கோட்டை.
அத்தனை ஜன்னலில் ஒன்றில்தான் விளக்கு.
வெள்ளைக் கவுன் போட்டவள்
என்னைப் பார்த்து ஓடிவருகிறாள், காலில் செருப்பில்லை.
பின்னால் பிரபு.
அச்சகத்தில் யாருக்கோ அன்று கை நடுங்கியிருக்கிறது;
சிவப்பு மட்டும் ஒரு நூல் தள்ளி விழுந்து
வாயில் இருக்கவேண்டிய ரத்தம்
கன்னத்தில் நிற்கிறது,
வெற்றிலை துப்பத் தெரியாதவன் மாதிரி.

ஆடி மழை. கரண்ட் இல்லை.
தடுப்பூசிப் பெட்டிக்கு ஐஸ் மாற்றிவிட்டு
மெழுகுதிரியில் படிக்கிறேன்.
பயமாகத்தான் இருக்கிறது. சொன்னால் சிரிப்பார்கள்,
முந்நூறு பிரசவம் பார்த்த மிட்வைஃப்.

சீமாட்டி நாளுக்கு நாள் வெளுக்கிறாள்.
மூன்று நகரங்களிலிருந்து நான்கு வைத்தியர்கள்
குதிரை வண்டியில் வருகிறார்கள்.
நூற்றுப் பதினெட்டாம் பக்கம் வரை
அவள் உதட்டின் நிறத்தையே பேசுகிறார்கள்.

அங்கே விரல் வைத்து மூடினேன்.
வாசலில் தெய்வானை,
இடுப்புப் படங்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.
"ஏழாம் நம்பர் மலையில நின்னேன் மிஸி. தலை சுத்துது."
கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். கடதாசி.
போன மாதம் ஏழு புள்ளி எட்டு.
இரும்பு மாத்திரை?
வெறும் வயிற்றில் எரிகிறதாம்.
இன்றைக்குக் கொழுந்து பதினொரு கிலோ,
அரைப்பேர்.

(கதையில் பிரபுவின் முழுப்பேர்
பட்டங்களோடு ஒன்றரை வரி.)

கணுக்காலில் மூன்று அட்டை.
இரண்டு இன்னும் நூலாய்.
ஒன்று குடித்து முடித்துத் திராட்சையாய் உருண்டிருந்தது;
நான் உப்பு எடுப்பதற்குள்
அவளே நகத்தால் சுண்டினாள்.
மேசையில் புத்தகத்தின் மேல் விழுந்தது.

"இது யாரு, ராசாவா?"
ரத்தம் குடிக்கிறவன்.
வாசலில் நிற்பான், உள்ளே வா என்று
யாராவது சொன்னால்தான் வருவான்.
"பரவால்லையே. மரியாத தெரிஞ்ச ஆளு."
முடிவை முன்னமே திருட்டுத்தனமாய்ப் பார்த்திருந்தேன்:
நெஞ்சில் மர ஆப்பு அடித்துக் கொல்கிறார்கள்,
ஆறு ஆம்பிளைகள், ஒரு பாதிரியார்.
"எதுக்கு அம்புட்டுப் பாடு,
கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாமே"
என்று சிரித்துக்கொண்டே
மறுபடி தலை சுற்றி வாங்கில் உட்கார்ந்தாள்.

அட்டை கடித்த ரத்தம் லேசில் நிற்காது.
பஞ்சு வைத்துக் கட்டி, பிஸ்கட் கொடுத்து,
மழை விட்டதும் அனுப்பினேன்.

பிறகு ஸ்பிரிட் தொட்டு அட்டையைத் துடைத்தேன்.
பிரபுவின் கன்னத்துச் சிவப்பு
கரைந்து பஞ்சில் வந்துவிட்டது.
விளக்கெரியும் ஜன்னலில் விழுந்த துளி
போகவில்லை.

மெழுகுதிரி அரை விரல் மிச்சம்.
நூற்றுப் பதினெட்டு.
ஐந்தாவது வைத்தியர்
வண்டியிலிருந்து இறங்குகிறார்.