மூணு நூல் ஆழம்

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயிலுக்கு நேரம் கிடையாது.
அது வருவது முதலில் தெரிவது
எங்கள் சமையலறைப் பலகைக்குத்தான்.
கடுகு பாட்டில் ஒரு விரற்கடை நகரும்,
பின்னாலேயே வெந்தயம்.
கடைசி வேகன் கடப்பதற்குள்
எது விளிம்புக்கு வந்திருக்கிறதோ
அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.
மூன்று வருடமாக அது என் கை.

போன மாதம் நெய் போனது.
கண்ணாடியும் நெய்யுமாகத் தரையில் கிடந்ததை
காலண்டர் அட்டையால் வழித்துக்கொண்டே
முடிவு செய்தேன்.

மூலக்கொத்தளம் கடையில் டிரில் வாடகைக்கு.
நாளைக்கு இருநூறு, ஆதார் நகல் ஒன்று.
"இன்னாம்மா போடப்போற,
ஓட்டையா, குழியா?" என்றார் முர்துஜா பாய்.
நின்றுவிட்டேன்.
இத்தனை நாள் இரண்டையும்
ஒரே வாயால் சொல்லிவந்திருக்கிறேன்.
"குழி."
"அப்ப அந்தாண்ட வெளிச்சம் தெரியக் கூடாது."
தட்டை மூக்கு பிட் ஒன்றை எடுத்து
அதன் கழுத்தில் நீல டேப் சுற்றினார்.
"ஆறு நூல் பலகை. மூணு நூல் போ.
டேப் மரத்தைத் தொட்டா நிறுத்திடு.
ஆசைப்படாத."

எல்லாம் ஒரே அளவு காபித்தூள் பாட்டில்கள்,
நாலு வீட்டில் கேட்டு வாங்கிக் கழுவியவை.
கவிழ்த்து வைக்காமல், நிற்கிற மாதிரியே நிற்கவைத்து
சுற்றிப் பென்சில் ஓட்டினேன்.
ஒன்பது வட்டம்.
வட்டத்தின் நடுவில் ஆணியால் ஒரு குத்து.
இல்லாவிட்டால் பிட் வழுக்கி
ஊர் சுற்றப் போய்விடும்.

மரம் முதலில் முனகுகிறது,
பிறகு சுருள் சுருளாகப் பேசத் தொடங்குகிறது.
நைட்டி முழுக்கத் தூள்.
உள்ளறையில் இன்பராஜ்,
துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்தவர்,
அசையவில்லை.
டிரில் நின்றதும்தான் கண் விழித்தார்.
"ரயில் போயிடுச்சா?"
போய்விட்டது, தூங்குங்கள் என்றேன்.

ஐந்தாவது குழியில் நிஜமாகவே வந்தது ரயில்.
வீடு நடுங்கியதா, கை நடுங்கியதா,
நீலம் மரத்தைத் தொட்டதும் தெரிந்தது,
தொட்ட பிறகும் அழுத்தியதும் தெரிந்தது.
ஒரு சின்ன 'பொட்',
கீழே சிவப்புத் தரை.

மற்ற எட்டையும் விரலால் தடவிப் பார்த்தேன்.
அடி இருக்கிறது.
அடி இருக்கிறது.

மூலையில் மாடி வீட்டுக் குழாய் இறங்குகிறது.
அதற்கு வழிவிடப் பலகையின் காதைக் கொஞ்சம் கடிக்க வேண்டும்.
ஒரு கல்யாணப் பத்திரிகையைக் குழாயோடு வைத்து
சிறிது சிறிதாக நறுக்கினேன்.
பிள்ளையார் போனார்.
முகூர்த்த நேரம் போனது.
மணமகளின் எம்.காம். பாதி போனபோது
பொருந்தியது.
அந்த வளைவைப் பலகைக்கு மாற்றி
ரம்பத்தில் இரண்டு வெட்டு, உளியில் ஏழெட்டுத் தட்டு,
காடி விழுந்தது.

சுவர் நேரில்லை, குழாய் அதைவிட நேரில்லை.
இரண்டு கோணலுக்கும் இடையில்
பலகை போய் உட்கார்ந்துகொண்டது.
மேலே யாரோ குளிக்கிறார்கள்,
அந்தத் தண்ணீர் இப்போது
என் சீரகத்துக்குப் பக்கத்தில் இறங்குகிறது.

"காலி பண்றப்ப சுவத்துல ஒரு ஆணி இருக்கக் கூடாது,
சொல்லிட்டேன்," என்று வீட்டுக்காரர்
வாடகை வாங்க வந்தபோது எட்டிப் பார்த்தார்.
கழற்றிவிடலாம் சார்.
ஆனால் இந்தக் காடி
வேறெந்த மூலைக்கும் பொருந்தாது என்பதை
அவரிடம் சொல்லவில்லை.

ஓட்டையாகிப்போன ஐந்தாவதில்
கரண்டிக் காம்பு தொங்குகிறது.

இரவு இரண்டே கால்.
தண்ணீர் குடிக்க எழுந்திருந்தேன்.
முதலில் தரை, அப்புறம் அடுப்பு,
அப்புறம் ஒன்றோடொன்று பாட்டில் மூடிகள்
கிணுகிணுவென்று, நின்ற இடத்திலேயே.
கரண்டி மட்டும் ஆடியது.

என் கை தானாகவே போய்
பலகையின் விளிம்புக்குக் கீழே
விரிந்து நின்றது.
எதுவும் வரவில்லை.
கடைசி வேகன் போகும்வரை
அப்படியே வைத்திருந்தேன்.