ட்ரம்ஹெல்லரில் ஐந்து சாவுகள்

எண்பத்தேழாம் வருஷம், ஆவணி.
நாளுக்கு நாற்பது டொலர், மத்தியானம் ஒரு சாண்ட்விச்,
முகத்துக்கு நீல மை.
எலும்புக்கோட்டை மந்திரவாதியின் படை நாங்கள்,
பதினொரு பேர்.
கமராவுக்குப் பின்னால் ஓடிப்போய்
மறுபக்கத்தால் மறுபடி வந்தால்
ஆயிரம் பேராம்.

முதல் சாவு பாலத்தடியில்.
இரண்டாவது பலிபீடப் படியில், வேறு தலைக்கவசத்தோடு.
மூன்றாவதில் ஈட்டி என் கக்கத்துக்குள் போனது.
அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே செத்தேன்,
நழுவினால் காட்சி கெட்டுவிடும்.

கொன்றவன் கார்மோக்.
வடதிசைக் காட்டுக் குடியின் கடைசி மகன்,
தாய் ஓநாய், தகப்பன் இடி என்று
தொடக்கத்தில் ஒரு கிழட்டுக் குரல் சொல்லும்.
எட்மன்டனில் அவனுக்கு டேரில் பெட்ரிஷின் என்று பேர்,
தண்ணீர்மெத்தைக் கடையில் ஏற்றி இறக்குகிற வேலை.
அந்தத் தோள்கள் அப்படித்தான் வந்தன.
குதிரை என்றால் பயம்.
குதிரையின் கழுத்தைத் தனியே எடுத்தார்கள்;
அவனை ஒரு பியர்ப் பீப்பாயில் இருத்தி
இரண்டு பேர் ஆட்டினோம்.
நானும் ஒருவன், சாகாத நேரங்களில்.

விழுப்புண் பற்றிப் படித்திருக்கிறேன்.
அவன் உடம்பில் இருந்தது குடல்வால் அறுத்த தழும்பு.
மேக்கப்காரி மரியெட் அதை மார்பு வரைக்கும்
சிவப்புப் பென்சிலால் இழுத்துவிட்டாள்:
டிராகன் நகம்.
அலுமினிய வாள் மூன்றாம் வெட்டில் வளையும்,
முழங்காலில் வைத்து நிமிர்த்திக்கொண்டு வருவான்.
அதை வானுக்கு உயர்த்துகிற போஸ்டர்க் காட்சியில்
மணிக்கட்டில் கைக்கடிகாரம்.
நாலு பத்து.

இதெல்லாம் பரவாயில்லை.
டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டது வேறொன்றுக்கு.
என்னை வெட்டும்போதெல்லாம்
டேரில் ‘ஸொறி’ என்றான்.
வாய்க்குள்ளேதான், ஆனால் கமராவுக்குத் தெரிகிற மாதிரி.
கட். கட்.
காட்டுமனிதன் மன்னிப்புக் கேட்பானா?
மாட்டான் என்று தலையாட்டினான் டேரில்,
வெட்டினான்,
ஸொறி.

நாலாவது சாவு முடிய டைரக்டர் வந்து
வடிவாக விழுகிறாய், எங்கே பழகினாய் என்றார்.
பள்ளிக்கூட நாடகம் என்றேன்.
முழங்கால் முதலில், பிறகு தோள், முகம் கடைசி,
கை இரண்டும் பிடரியில்.
ஹெலி சந்தையைத் தாண்டும்வரை
மூச்சுச் சத்தம் கூடாது.
நீல மையோடு நின்று
இதை என்ன ஆங்கிலத்தில் சொல்வது.

ஐந்தாவது, அந்தி நேரம்.
பின்னால் கல்தொப்பி போட்ட மண்தூண்கள்,
எவருக்கோ நட்டுவிட்டுப்
பேர் வெட்ட மறந்த நடுகற்கள் மாதிரி.
டேரில் எனக்கு மேலே நின்றான். டிராகன் நகம்
வியர்வையில் கரைந்து தொப்புளுக்கு வழிந்தது.
என்னைப் பார்த்து ஆயுதம் தூக்கியவர்களை எண்ண
ஒரு கை போதாது.
மன்னிப்புக் கேட்டவன் இந்த ஒருத்தன்.
செத்தபடியே ‘பரவாயில்லை’ என்றேன், தமிழில்.
அரக்கரின் பாஷை என்று
அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

படம் தியேட்டருக்கு வரவேயில்லை.
இரண்டு வருஷம் கழித்துக் கல்கரியில் ஒரு வீடியோக் கடை,
கீழ்த்தட்டு, கசெட் பெட்டி முழுக்கத் தூசி.
சிவமலர் சோற்றுக் கையோடு சாவுகளை எண்ணினாள்.
நாலுதான் வந்தது, என்றாள்.
மூன்றாவதை வெட்டி எறிந்துவிட்டார்கள்,
அவ்வளவு இறுக்கிப் பிடித்தும்.

டேரிலின் குரல் மெல்லிசு என்று
வேறு யாருடையதோ ஒரு கரகரப்பைப் பூசியிருந்தார்கள்:
‘மடி, இருளின் நாயே!’
வாய் மட்டும் அதற்குப் பொருந்தாமல்
ஒரு சின்னச் சொல்லுக்குக் குவிந்து விரிந்தது.
அங்கே நிறுத்தினேன்.
வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே
உதடு நடுங்கிக்கொண்டு நின்றது.

அடுத்து எடுக்கிறவன் அதிலிருந்து தொடங்கட்டும் என்று
ரீவைண்ட் பண்ணாமலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
தண்டம் ஒரு டொலர்.