மேற்கு ஜன்னல்

காவேரிப்பட்டணம் தாண்டி, போச்சம்பள்ளி சாலையில்
மாங்கூழ் ஆலைப் பெண்களுக்கு ஓர் ஓய்வறைக் கட்டடம்.
எம்.ஆர்க் இரண்டாம் செமஸ்டர், ஒன்பது கிரெடிட்.
அறுபது பேர், ஆறு கழிப்பறை, ஒரு கூடம்,
கை கழுவ நீளத் தொட்டி.
ஜூரி ஆடி முதல் வாரம்.

மேற்கே திறப்பு வேண்டாம் என்றது சாஃப்ட்வேர்.
மே மாதம், மாலை நான்கு மணி:
திரையில் மேற்குச் சுவர்
செந்தூராப் பழம்போல் தோளெல்லாம் சிவந்து நின்றது.
சுவரை மூடினேன். சிவப்பு மஞ்சளாகி
மஞ்சள் பச்சையானது.
பழம் காயாகத் திரும்பிப் போவதைப்
பார்த்துக்கொண்டே டீ குடித்தேன்.

குழாய்களை இம்தியாஸ் பார்த்துக்கொண்டான்.
கழிவுக்குழாய் உத்திரத்தைத் துளைக்கிறது,
காற்றுக்குழல் மொட்டைமாடிப் படியில் இடிக்கிறது என
முதல் நாள் நூற்றுப் பதினெட்டு மோதல்கள்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஏழு.
விடியும்போது பூஜ்யம்.
"இனிமே எதுவும் எதோடயும் இடிக்காது" என்று
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
இட்லி வாங்கித் தந்தான்.

படத்தில் ஆட்களை வைக்க வேண்டியிருந்தது.
சாஃப்ட்வேரின் ஆள் கிடங்கில் இருந்தவர்கள்
கோட் போட்டிருந்தார்கள்,
கையில் காகிதக் கோப்பை,
ஒருத்தி நாயோடு ஓடினாள்.
ஒருவர் தலையிலும் ஒன்றும் இல்லை.

டேப்போடு ஆலைக்குப் போனேன்.
அளக்கட்டும் என்று சாலம்மா அசையாமல் நின்றாள்.
ஐந்தடி அரை அங்குலம்.
தலையில் கிரேட் ஏறினால் ஆறடி இரண்டு.
முழங்கை விரிந்தால் இரண்டே முக்கால் அடி.
கதவை அகலமாக்கக் குறித்துக்கொண்டேன்.
மாங்காய்ப் பால் பட்டு வெந்த தழும்புகளை
எந்த லேயரில் வரைவதென்று தெரியவில்லை.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.
கூரையைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன்.
தொட்டி நல்லாருக்கு என்றாள். பிறகு,
"பஸ்ஸு எதுல தெரியும்?"

எந்த பஸ்?

"ஆறு பத்து வண்டி. பட்டணத்துப் பக்கமிருந்து வரும்.
அத விட்டா எட்டே முக்கால்.
வருதா வருதான்னு நெஞ்சு அடிக்கறப்ப
எவ உள்ள போயி உக்காருவா?
இப்பவே பாதிப்பேரு அடக்கிக்கிட்டுத்தான் நிக்கறோம்.
ஜன்னல் இல்லன்னா உங்க ரூம்புல
மாங்கொட்ட மூட்டதான் உக்காரும்."

பட்டணம் மேற்கே.

நூற்றுப் பதினெட்டில் இது இல்லை.
உத்திரம் தெரியும் அதற்கு, குழாய் தெரியும்,
எந்தத் தேதியில் சூரியன் எந்தக் கோணம் என்று தெரியும்.
அந்தச் சூரியனுக்கு முன்னால்
புழுதி கிளப்பி வரும் ஆறு பத்து தெரியாது.

ஜன்னல் வைத்தேன்.
உட்கார்ந்தால் கண் எட்டும் உயரத்தில்
முக்காலடிக் கீற்று, கூடத்தின் நீளத்துக்கு.
கழிப்பறை வரிசைக்கும் ஒன்று.
வெளியே வெயில் தடுக்க
பர்கூர்ப் பட்டறையில் ஓரம் உடைந்து கழித்த
கருங்கல் பலகைகள்.
அப்படியும் ஒன்றரை டிகிரி ஏறியது.
காய் மறுபடி பழுத்தது.
இம்தியாஸின் மோதல்கள் பூஜ்யத்திலிருந்து
பதினொன்றுக்குப் போயின. இரண்டு நாள் பேசவில்லை.

ஜூரியில் ஒருவர்
சிவந்த மூலையைப் பேனாவால் தட்டினார்.
"காரணம்?"
"ஆறு பத்து" என்றேன்.
ஏதோ விதி எண் என்று நினைத்திருக்க வேண்டும்,
குறித்துக்கொண்டார்.
பி பிளஸ்.

ஒன்றை அவர்களிடம் சொல்லவில்லை.
முந்தின இரவு, ஜன்னல் வழியே தெரிவதற்கு
ஒரு டவுன் பஸ் தேடினேன். கிடங்கில் இல்லை.
இருந்தது லண்டன் மாடி பஸ் ஒன்றுதான், கொழுந்துச் சிவப்பு.
அதன் நெற்றியில் போச்சம்பள்ளி என்று எழுதி
புளியமரங்களுக்கு நடுவே ஓட விட்டேன்.
சாலம்மாவுக்கும் படத்தை அனுப்பினேன்.

மறுநாள் பதில் குரலில் வந்தது,
பின்னால் கன்வேயர் இரைச்சல்:
"மாடியில உக்கார எடம் இருக்கும்ல?"