சாக்பீஸ் ஞாயிறு

தவக்காலத்தின் முதல் ஞாயிறு.
கில்பிரேடா கோயில் வாசலில்
மழை நின்றும் நிற்காமலும்.

ஆறு பேர் நாங்கள்.
ஆறு கையிலும் பள்ளிக்கூடத்தில் திருடிய சாக்பீஸ்.
மாலக்கியிடம் முழுசு.
என்னிடம், மாஸ்டர் எழுதித் தேய்த்து மிச்சம் வைத்த
பல் அளவுத் துண்டு.

கணக்கு எங்களுக்கு மனப்பாடம்:
தவக்காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது.
செவ்வாய்க்கிழமைக்குள் மோதிரம் மாற்றாதவர்கள்
ஞாயிற்றுக்கிழமை முதுகைக் காட்டித்தான் ஆகவேண்டும்.
கோட்டின் மேல் ஒரு கோடு.
அவ்வளவுதான் தண்டனை.

பன்றி வியாபாரி ஃபின்டன் துரத்துவார்;
வாய்வரை வந்த கெட்ட வார்த்தையைக்
கோயிலைப் பார்த்து விழுங்குவார்.
கூகன் வீட்டு அண்ணன் தம்பி மூவரும்
சுவரோடு சுவராக நண்டு நடை நடந்து
உள்ளே போய்விடப் பார்ப்பார்கள்.
அந்த மூன்று முதுகும் கிடைத்தால்
புதன் வரைக்கும் சிரிப்போம்.

எனக்கு விழுந்தது டிம்ப்னா ஹானரஹன்.
தையல்காரி.
இந்தக் குளிருக்குள் மட்டும்
நான்கு மணப்பெண்களுக்கு வெள்ளை தைத்தவள்.
கடைசி உடுப்புக்குப் பொத்தான் வைத்தது
செவ்வாய் காலையில் என்று அம்மா சொன்னாள்.

கறுப்புக் கோட்டு. அவளே தைத்தது.
மழைகூடத் தங்காமல் வழுக்கி ஓடும் முதுகு.
பின்னால் போனேன்.
என் பூட்ஸ் சேற்றில் சளக் சளக் என்றது.
கேட்டிருக்கும்.

அவள் ஓடவில்லை.
கையுறை கழற்றுகிற சாக்கில்
ஒரு விரல், பிறகு இன்னொரு விரல்,
படியில் நின்றாள்.
எனக்கு எட்டவில்லை என்று தெரிந்து
ஒரு படி பின்னால் இறங்கியும் நின்றாள்.

இழுத்தேன்.
கை நடுங்கியது. கோடு
வாய்க்கால் மாதிரி வளைந்தது.

"கோணல்," என்றாள் திரும்பாமல்.
"இந்தக் கோட்டில் வெட்டினால்
ஒரு தோள் இறங்கிப் போகும்."

பூசை முழுக்க அந்தக் கோணல்
எனக்கு முன் பெஞ்சில்
மண்டியிட்டது, எழுந்தது, மண்டியிட்டது.
நற்கருணை வாங்கப் போய்
எல்லோர் கண் முன்னாலும் திரும்பி வந்தது.
மாலக்கி என் விலாவில் இடித்தான்.
எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை
என் புதுநன்மை உடுப்புக்கு அளவு.
ஸ்டூலின் மேல் நான்,
இன்னும் உடுப்பாகாத வெள்ளைத் துணிக்குள்.
வாய் நிறையக் குண்டூசிகளோடு அவள்.
கதவுக்குப் பின்னால் ஆணியில் கறுப்புக் கோட்டு,
முதுகு சுவர்ப்பக்கம்.

"கொப்னட், ஆடாதே."

தட்டையான நீலச் சாக்
கழுத்தடியில் தொட்டு
ஒரே இழுப்பில் இடுப்புக்கு இறங்கியது.
குளிராக இருந்தது, கொஞ்சம் கூசியது.
அங்கே கண்ணாடி இல்லை.
நேராகத்தான் போட்டிருப்பாள்.

காலடியில் ஒரு குண்டூசி விழுந்தது.
நான் குனியவில்லை.