வலது மட்கார்டு

யார்க்டனுக்கு வெளியே
கோதுமைத் தாளடி மறையப் பனி விழுந்த ஜனவரி.
பட்டறை அடுப்பு கட்டை கேட்டபடியே இருக்கிறது.
லோர்ன் ப்ரொகோப்சுக் கொண்டுவந்து இறக்கியது
ஐம்பத்தொன்றாம் வருஷத்து மெர்க்குரி லாரி.
வலது மட்கார்டு இருந்த இடத்தில்
துரு அரித்த சல்லடை.
தொட்டேன். தேயிலைத் தூளாய்க் காலடியில் கொட்டியது.

"இடது நன்றாயிருக்கிறது," என்றார்.
"அதைப் பார்த்து இதைச் செய்."

அப்படித்தான் செய்தேன்.
கறிக்கடைக் காகிதத்தை இடது மட்கார்டில் போர்த்தி
காந்தம் வைத்துப் பிடித்து
சுருங்கும் இடத்தில் மடித்து, விரியும் இடத்தில் கிழித்து
எடுத்து உள்புறம் வெளியாகத் திருப்பினேன்.
சட்டையைத் திருப்பிப் போடுகிற மாதிரி
இடது வலதாகிவிட்டது.

பதினெட்டாம் கேஜ் தகடு.
மணல் அடைத்த தோல்பைமேல் கிடத்தி
மரச்சுத்தியால் அடிக்க அடிக்க
முதலில் அம்மை வார்த்த முகம்.
பிறகு உருளைகளுக்கு நடுவே
முன்னும் பின்னும்
முன்னும் பின்னும்
கண்ணுக்கு வழவழப்பாகும்வரை.
கண் பொய் சொல்லும்.
பருத்திக் கையுறை மாட்டி
இமை மூடித் தடவினால்
மயிரிழை மேடும்
உள்ளங்கையில் வந்து முறையிடும்.

ஓரிடத்தில் ஆசை மிஞ்சி அடித்துவிட்டேன்.
நீண்ட தகடு இருக்க இடமில்லாமல்
அழுத்தினால் உள்ளே, விட்டால் வெளியே
டப், டப் என்று
பிஸ்கட் டின் மூடியாகப் பேசியது.
நாலணா அகலத்துக்குச் சிவக்கக் காய்ச்சி
நாலு தட்டு, ஈரத்துணி, ஒரு சீறல்.
மறுபடி நாலணா தள்ளி.
நீட்டுவது யாருக்கும் வரும்.
நீண்டதைத் திரும்ப அழைக்கத்தான்
அந்த வாரம் போயிற்று.

பதினொன்றாம் நாள்
தூக்கிக்கொண்டுபோய் லாரியில் வைத்தேன்.
பொருந்தவில்லை.

இரண்டு விரற்கடை.
போல்ட் துளைகள் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமல்
சண்டைபோட்ட சம்பந்திகளாய் நின்றன.
காகிதத்தைத் திட்டினேன், என் கையைத் திட்டினேன்,
மூன்று முறை கழற்றி மாட்டினேன்.
பிறகுதான் நூல் பிடித்தேன்
சேஸிஸின் மூலைக்கு மூலை.

லாரியே கோணல்.

லோர்ன் வந்தார்.
தொப்பியைக் கழற்றாமல்
நூலையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"அம்மா," என்றார்.

அறுபத்துமூன்று அறுவடையில்
தானிய ரயிலின் கடைசிப் பெட்டியில்
இடித்திருக்கிறாள் இரினா ப்ரொகோப்சுக்.
அதே வண்டியை ஓட்டி வீடு சேர்ந்து
அடுத்த ஊரில் யாரிடமோ கொடுத்து
மட்கார்டை மட்டும் இழுத்துப் பொருத்தி
பனி விழும்வரை அந்தப் பக்கத்தைக்
கொட்டகைச் சுவரோடு ஒட்டியே நிறுத்தினாளாம்.
"எனக்கு ஏழு வயது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
அப்பாவிடம் சொல்லாதே என்றாள்.
யாரிடமும் சொன்னதில்லை."

சேஸிஸை நிமிர்த்தலாம் என்றேன்.
சங்கிலி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது,
இரண்டு நாள் வேலை.
அவர் அடுப்பில் ஒரு கட்டை போட்டார்.
என் அடுப்பு. கேட்காமல் போட்டார்.
"வேண்டாம்.
ரோட்டில் நேராகத்தானே போகிறது."

ஆக, இன்னொரு தகடு.
இம்முறை தப்பாக; அளந்து, தப்பாக.
மூக்கில் கொஞ்சம் கூட்டி
படிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் ஒடுக்கி
அந்தக் கடைசிப் பெட்டிக்கு வழிவிட்டு அடித்தேன்.
போல்ட்டுகள் ஸ்பேனர் கேட்காமல்
விரலுக்கே இறங்கின.

பில்லில் எழுதினேன்:
வலது மட்கார்டு, இரண்டு.
அவர் பேரம் பேசவில்லை.
ஒன்றை மாட்டிக்கொண்டு போனார்.

மற்றது என் சுவரில் தொங்குகிறது,
எதிலும் மோதாத ஏதோவொரு மெர்க்குரிக்காக,
குற்றம் குறையில்லாமல்.
அடுப்பு அணைந்து தகடு குளிரும் ராத்திரிகளில் மட்டும்
எங்கோ ஓரிடத்தில்
டப் என்கிறது.